போளூர், ஆரணி பக்கம் கோடை வெயிலும் திட்டுத்திட்டான இடிமழையும்: காலை 9 மணிக்குள் சொல்ல எதை எந்த வரிசையில் பார்ப்பது?

படவேட்டுக் களம் | காலை 6:50

வணக்கம். போளூர், கண்ணமங்கலம், ஆரணி சுற்றுவட்டாரத்தில் நவரை அறுவடை நடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் கொடுப்பதற்கு ஈரப்பதத்தை 17 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று நெல்லைக் களத்திலும் ரோட்டோரத்திலும் காயப்போடுகிறார்கள். ஐந்தாறு ஊர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை 9 மணிக்குள் இரண்டே வரி போட வேண்டும்: இன்றைக்கு உச்ச வெயில் எவ்வளவு, சாயங்காலம் தார்ப்பாய் தேவைப்படுமா.

இப்போது பார்ப்பவை: போன் ஆப், விண்டி தளத்தில் ஜிஎஃப்எஸ் (அமெரிக்க வானிலைக் கணினி மாடல்) மழைப் படம், கே-இன்டெக்ஸ் (இடிமழை வாய்ப்பைக் காட்டும் எண்). மூன்றிலும் சிக்கல்.

1. ஆப் 38 டிகிரி காட்டும் நாளில் போளூரில் 41 வருகிறது. கிட்டத்தட்ட தினமும் இதே வித்தியாசம்.
2. ஜவ்வாது மலை மேல் ஜிஎஃப்எஸ் தினமும் மத்தியானம் பச்சை பூசுகிறது. நான்கு நாளில் மூன்று நாள் ஒரு சொட்டும் இல்லை.
3. கே-இன்டெக்ஸ் 38 இருந்த நாள் காய்ந்து போனது. 33 இருந்த நாள் ஆலங்கட்டியோடு அடித்தது. அப்படியானால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு?

எந்தத் தரவை, எத்தனை மணிக்கு, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மேலைக்காற்று | காலை 7:35

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். மழைக்கு வேறு ஆள் வருவார்.

ஆப் 3 டிகிரி குறைத்துக் காட்டக் காரணம் பெரும்பாலும் மலைதான். ஜிஎஃப்எஸ் கட்டம் ஒன்றுக்குப் பக்கம் ஏறக்குறைய 25 கி.மீ. போளூரும் ஜவ்வாது மலைச் சரிவும் ஒரே கட்டத்தில் விழுந்தால் அந்தக் கட்டத்தின் சராசரி உயரம் 450, 500 மீட்டர் என்று ஆகிவிடும். போளூரோ 170 மீட்டர் வாக்கில் இருக்கிறது. 300 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு 2 முதல் 3 டிகிரி போய்விடும். தினமும் ஒரே அளவு தப்பு என்றால் அது கணிப்பின் தவறு இல்லை, உயரத்தின் கணக்கு. ஆப்பைத் திட்டாமல் 3ஐக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அதைவிட நல்ல வழி உண்டு.

850 எச்பிஏ மட்டத்தின், அதாவது காற்றழுத்தம் அந்த அளவுக்குக் குறையும் உயரத்தின், வெப்பநிலையை எடுங்கள். மே மாதம் இங்கே அந்த மட்டம் சுமார் 1,490 மீட்டர் உயரத்தில் இருக்கும். நன்றாக வெயில் காயும் நாளில் தரையிலிருந்து அந்த உயரம் வரை காற்று கலந்துவிடும், கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குறையும். ஆகவே அங்கிருந்து கீழே இறக்கிக் கணக்கிட்டால் தரை வெப்பம் கிடைத்துவிடும்.

போளூர்: 1.49 − 0.17 = 1.32 கி.மீ. இதை 9.8ஆல் பெருக்கினால் 13 டிகிரி.
வேலூர் (215 மீ.): 12.5.
திருப்பத்தூர் (390 மீ.): 10.8.

850ல் 27 என்றால் போளூருக்கு 40. தரையை ஒட்டிய சில மீட்டர் காற்று இன்னும் கூடுதலாகக் கொதிக்கும், அதற்கு 1 டிகிரி சேருங்கள். 41 என்று எழுதிவிடலாம்.

ஒரு விஷயத்தில் கவனம். காலை 5:30 மணி 850 வெப்பநிலையை எடுக்காதீர்கள், மதியம் 2:30 மணிக்கான கணிப்பை எடுங்கள். கலப்பு அந்த உயரத்தையும் தாண்டிப் போகிற நாளில் 850 மட்டமே பகலில் 1, 2 டிகிரி சூடாகும்.

இந்தக் கணக்கு எங்கே சறுக்கும்:

முந்தைய நாள் மழை. மண் நனைந்திருந்தால் வெயிலின் பாதி வேலை ஈரத்தை ஆவியாக்குவதிலேயே போய்விடும். 20 மி.மீ.க்கு மேல் பெய்த மறுநாள் 2 முதல் 4 டிகிரி கழியுங்கள். மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும்.

மேல்மட்ட வெண்மேகம். முந்தைய இரவு ஆந்திரா, கர்நாடகா பக்கம் பெய்த இடிமேகத்தின் தலை கலையாமல் நம் வானத்தில் பரவி நிற்கும். மழைக்கு உதவாத மேகம்தான், ஆனால் 11 மணி வரை நின்றால் 1, 2 டிகிரி குறைத்துவிடும். காலை 7 மணி இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் இது பளிச்சென்று தெரியும்.

கடல்காற்று. சென்னைக்கு இது எல்லாமே. காலை 10:30, 11 மணிக்குள் நுழைந்தால் 36, 37 டிகிரியோடு நின்றுவிடும். மேலைக்காற்று அமுக்கி மதியம் 2 மணி வரை நுழைய விடாவிட்டால் 41, 42. உங்கள் ஊருக்கு அது வந்து சேரவே சாயங்காலம் ஆகிவிடும் என்பதால் உச்ச வெப்பத்தைத் தொடாது. மழைக்கு மட்டும் அது முக்கியம்.

இன்னொன்று. "வெப்ப அலை" என்ற சொல்லை 41 வந்தவுடன் போட்டுவிடாதீர்கள். வானிலை ஆய்வு மையக் கணக்கில் சமவெளியில் 40ஐத் தொட வேண்டும், அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். கடலோரத்துக்கு 37ஐத் தாண்டி அதே 4.5. அல்லது இயல்பு எதுவாக இருந்தாலும் நேரடியாக 45. ஒரு வானிலைக் கோட்டத்தில் குறைந்தது 2 நிலையங்களில், 2 நாள் தொடர்ந்து இருந்தால்தான் அறிவிப்பார்கள். வேலூரில் மே மாத இயல்பே 38, 39 என்பதால் 43.5 தொட்டால்தான் பேச்சு.


கொண்டல் | காலை 8:20

மழைப் பங்கு என்னுடையது. முதலில் ஒரு நம்பிக்கையை ஓரம் வைத்துவிடுவோம்: "இப்படிக் கொளுத்துதே, சாயங்காலம் மழை வரும்." நம் பகுதியில் பல நேரம் இதற்கு நேர் எதிர். 42, 43 அடிக்கும் நாள் என்பது வடமேற்கிலிருந்து காய்ந்த காற்று வரும் நாள். அன்றைக்கு மேகம் கட்ட ஈரம் இருக்காது. வெயில் 38, 39ஆக இறங்கி, புழுக்கம் ஏறி, காலையிலேயே பனியன் ஒட்டுகிற நாள்தான் ஆபத்தான நாள்.

கே-இன்டெக்ஸ் ஏன் ஏமாற்றியது என்று கணக்காகவே பார்க்கலாம். சூத்திரம் இது: 850 வெப்பம் கழித்தல் 500 வெப்பம், கூட்டல் 850 பனிப்புள்ளி (காற்றின் நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, அது கூடினால் ஈரம் கூடுதல்), கழித்தல் 700 மட்டத்தில் வெப்பத்துக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளி. இந்த எண்கள் எல்லாம் எச்பிஏ மட்டங்கள், எண் குறையக் குறைய உயரம் கூடும்.

நாள் அ: 850ல் 28, 500ல் −6, 850 பனிப்புள்ளி 12, 700 இடைவெளி 8. 34 + 12 − 8 = 38.
நாள் ஆ: 850ல் 22, 500ல் −7, 850 பனிப்புள்ளி 18, 700 இடைவெளி 14. 29 + 18 − 14 = 33.

இவை உதாரண எண்கள். ஆனால் உங்களுக்கு நடந்தது இந்த ரகம்தான் என்று நினைக்கிறேன். முதல் நாளில் 38 வந்தது ஈரத்தால் இல்லை, 850 சூட்டால். அந்தச் சூடான அடுக்கே பானை மூடி மாதிரி உட்கார்ந்து மேகத்தை வளர விடாது. இரண்டாவது நாளில் கீழே ஈரம் தாராளம், நடு அடுக்கு காய்ந்திருக்கிறது. அந்தக் காய்ந்த காற்றை கே-இன்டெக்ஸ் குறையாகக் கழிக்கிறது. உண்மையில் மேகம் ஒருமுறை அதைக் கிழித்து மேலே போய்விட்டால், அதே காய்ந்த காற்றில் மழைத்துளி ஆவியாகிக் குளிர்ந்து, கனத்து, தடாலென்று கீழே விழும். சூறைக்காற்று அதுதான். வழக்கமாக மே மாதத்தில் உறைநிலை மட்டம் 5 கி.மீ. உயரத்தில் இருக்கும், ஆலங்கட்டி தரைக்கு வருவதற்குள் கரைந்துவிடும். நடு அடுக்கு காய்ந்த நாளில் அந்தக் குளிர்ச்சி கீழே இறங்குவதால் கட்டி கரையாமல் வந்து விழும்.

ஆகவே ஒற்றை எண்ணை விடுங்கள். இந்த வரிசையில் போங்கள்.

ஈரம் எவ்வளவு ஆழம்? காலை 5:30 மணி வானிலை பலூன் தரவு 8 மணி வாக்கில் வயோமிங் பல்கலைக்கழகப் பக்கத்தில் கிடைக்கும். நிலைய எண்: சென்னை 43279, பெங்களூரு 43295. உங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில். பெங்களூரு நிலையமே 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே கீழடுக்கு கிடையாது. 850 வரை சென்னையையும், அதற்கு மேல் பெங்களூரையும் பாருங்கள். 850ல் பனிப்புள்ளி 14க்கு மேல் என்றால் ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 12 கிராம் நீராவி, போதுமானது. 8க்குக் கீழே என்றால் 8 கிராம்தான், அன்றைக்குத் தார்ப்பாயை மறந்துவிடலாம். தரையில் மட்டும் பனிப்புள்ளி 24, 925ல் தடாலென்று 15க்கு விழுகிறது என்றால் அது மெல்லிய ஈரம். 11 மணிக்குக் கலப்பு ஆரம்பித்ததும் காணாமல் போகும். புழுக்கத்தை மட்டும் பார்த்து மழை சொல்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

மேக அடி உயரம். வெப்பத்துக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியை 125ஆல் பெருக்கினால் மீட்டரில் வரும். மதியம் 36, பனிப்புள்ளி 22 என்றால் 1,750 மீட்டர், நல்ல மழை மேகம். 41க்கு 13 என்றால் 3,500 மீட்டர். அத்தனை உயரத்திலிருந்து விழும் துளி பாதி வழியில் ஆவியாகிவிடும். புழுதிக்காற்று அடிக்கும், தகரம் பறக்கும், மண் நனையாது. களத்துக்காரருக்கு அதுவும் செய்திதான்: நெல் நனையாது, தார்ப்பாய்க்குக் கல் வைக்க வேண்டும்.

மூடி. 700 மட்டத்தில் 10, 11 டிகிரி என்றால் உடையும். 13ஐத் தாண்டினால் மலை உச்சியில் கூட சிரமம். இது கைக்கணக்கு, சட்டம் இல்லை.

காற்று சந்திக்கும் கோடு. இதுதான் நடு விஷயம், நான் மற்ற எல்லாவற்றையும் விட இதற்கே எடை கொடுப்பேன். விதர்பா, மராத்வாடாவிலிருந்து உள் கர்நாடகா வழியாகத் தமிழகத்தின் உள்மாவட்டங்கள் வரை ஒரு கோடு ஓடும். கோட்டுக்குக் கிழக்கே வங்கக்கடலின் ஈரமான தென்கிழக்குக் காற்று, மேற்கே காய்ந்த வடமேற்குக் காற்று. அறிக்கையில் "காற்றின் திசை மாறுபடும் பகுதி" என்று வருவது இதுதான். 925, 850 மட்டக் காற்றுப் படத்தை மதியம் 2:30க்கு வைத்து, அம்புகள் முட்டிக்கொள்ளும் இடத்தைத் தேடுங்கள். கோடு ஓசூர், கிருஷ்ணகிரி மேல் இருந்தால் மேகம் அங்கே பிறக்கும். ஜவ்வாது, ஏலகிரி மேல் வந்தால் உங்கள் தலைக்கு மேல். கடலோரத்துக்கே தள்ளப்பட்டுவிட்டால் உங்களுக்கு வெறும் அனல்.

பிறந்த மேகம் எந்தப் பக்கம் நகரும்? 700 முதல் 500 வரை உள்ள சராசரிக் காற்றைப் பாருங்கள். மேற்கிலிருந்து 15 நாட் என்றால் மணிக்கு 28 கி.மீ. ஜமுனாமரத்தூரில் 4 மணிக்குக் கட்டிய மேகம் 45 கி.மீ. கிழக்கே ஆரணிக்கு 5:40 வாக்கில் வரும். 5 நாட்டுக்குக் கீழே என்றால் நகராது. பிறந்த இடத்திலேயே முக்கால் மணி நேரம் கொட்டிவிட்டுச் சாகும், ஓர் ஊரில் 60 மி.மீ., 5 கி.மீ. தள்ளி ரோடு காய்ந்திருக்கும். மே கடைசி, ஜூனில் நடு அடுக்கு மேலைக்காற்று வலுத்த பிறகுதான் வேலூர், ராணிப்பேட்டை மேகங்கள் இரவில் சென்னை வரை போகின்றன. ஏப்ரலில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது.

ஜிஎஃப்எஸ் தினமும் பச்சை பூசுவது பற்றி: 25 கி.மீ. கட்டத்தில் 5 கி.மீ. அகல இடிமேகத்தை வரைய முடியாது. கட்டத்துக்குள் சூடும் ஈரமும் போதுமான அளவு சேர்ந்துவிட்டால் ஒரு தோராய விதிப்படி மழையைத் தெளித்துவிடும். 2, 3 மி.மீ. என்று பரவலாகக் காட்டுவதை "அளவு" என்று படிக்காதீர்கள், "இந்தப் பக்கம் எங்கேயாவது" என்று படியுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் 3 கி.மீ. கட்ட டபிள்யூஆர்எஃப் மாடல் மேகத்தையே நேரடியாக உருவாக்கும். அதிலும் இடத்தை நம்ப வேண்டாம், 40, 50 கி.மீ. தள்ளிப் போடும். எத்தனை மணிக்குத் தொடங்கும், தனித்தனியாகவா வரிசையாகவா என்பதற்கு மட்டும் அதைப் பாருங்கள்.


டாப்ளர் | காலை 8:55

கொண்டல் அண்ணா சொன்னதில் ஒரு திருத்தம், ஒரு சேர்க்கை.

திருத்தம்: சென்னை காலை பலூனை அப்படியே நம்பக் கூடாது. விடியற்காலையில் அங்கே தரைக்காற்று, முதல் 500 மீட்டர் உள்நாட்டுக் காற்றாகவே இருக்கும். கடல்காற்று கொண்டுவரப்போகும் ஈரம் அதில் இன்னும் ஏறியிருக்காது. தரை வெப்பத்தைக் கணித்த உச்சத்துக்கும், பனிப்புள்ளியை நேற்று மதியம் 2:30க்குப் பக்கத்துத் தானியங்கி நிலையத்தில் இருந்த அளவுக்கும் மாற்றிப் போட்டுத்தான் கேப் (மேகம் வளரக் கிடைக்கும் ஆற்றலின் அளவு) கணக்கிட வேண்டும். காலை கேப் 800 என்று வந்தது மாற்றிய பிறகு 2,500 ஆவதும் உண்டு. நேர்மாறாகக் கரைந்து போவதும் உண்டு. சில நாள் பலூன் தரவே வராது, அப்போது மாடலின் செங்குத்துப் படம்தான் கதி.

சேர்க்கை: காலை 9 மணிக்கு ஊர் பெயர் சொல்லி மழை சொல்வது யாராலும் முடியாது. 9 மணிக்கு "தாலுகா அளவில் வாய்ப்பு, எத்தனை மணியிலிருந்து", 1 மணிக்கு "எந்தப் பக்கம்", 3:30க்குப் பிறகு "எந்த ஊர்" என்று மூன்றாகப் பிரியுங்கள். இரண்டு வரி போதும், மூன்று தடவை போடுங்கள்.

1 மணிக்கு இன்சாட் கட்புலப் படம் (வெயில் வெளிச்சத்தில் எடுப்பது). மலை முகட்டில் பஞ்சு வரிசை கட்டியிருக்கிறதா, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகளா? வரிசை என்றால் கோடு வேலை செய்கிறது. 2:30 வரை புள்ளி புள்ளியாகவே இருந்தால் மூடி உடையவில்லை.

3 மணியிலிருந்து ரேடார். இதில் உங்கள் ஊருக்கு ஒரு தொல்லை உண்டு, அது தெரியாமல் படம் பார்த்தால் தப்பாகும். சென்னைத் துறைமுக எஸ்-பேண்ட் ரேடாரிலிருந்து போளூர் சுமார் 140 கி.மீ. மிகத் தாழ்வான 0.5 டிகிரிக் கற்றையே பூமியின் வளைவால் அங்கே 2.4 கி.மீ. உயரத்தில்தான் போகும். ஜமுனாமரத்தூரில் 3 கி.மீ., திருப்பத்தூரில் 4 கி.மீ. கற்றையின் தடிமனும் 200 கி.மீ. தூரத்தில் 3.5 கி.மீ. ஆகிவிடும். அதனால்:

திருப்பத்தூர் மேல் 30 டிபிஇசட் (ரேடார் எதிரொலியின் வலு) தெரிந்தால் அது தரையில் பெய்கிற மழை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நடுவானத் துளி. மேக அடி 3 கி.மீ. என்று கணக்கிட்ட நாளில் அது கீழே வராமலே போகலாம்.

இடிமேகத்திலிருந்து சிதறி ஓடும் குளிர்காற்று விளிம்பு, மெல்லிய நூல் மாதிரி 10, 20 டிபிஇசட்டில் தெரியும். சென்னையை ஒட்டி 60, 70 கி.மீ. வரை கடல்காற்று விளிம்பும் இப்படி அழகாகத் தெரியும். உங்கள் பக்கம் அந்த நூல் கற்றைக்குக் கீழே போய்விடும், தெரியாது. அதைத் தரை நிலையங்களில் பிடிக்க வேண்டும்: கால் மணி நேரத்தில் 5, 6 டிகிரி விழுந்து காற்று திசை மாறினால் விளிம்பு கடந்துவிட்டது. இந்த விளிம்பும் கிழக்கிலிருந்து வரும் கடல்காற்றும் முட்டும் இடத்தில்தான் இரண்டாவது மேகம் பிறக்கும், பெரும்பாலும் அது முதல் மேகத்தை விடப் பெரிது. போளூர், ஆரணிப் பக்கம் 6, 7 மணிக்கு "சும்மா இருந்த வானம்" திடீரென்று கட்டுவது இதனால்தான்.

தென்பக்க மேகங்களுக்குக் காரைக்கால் ரேடாரைப் பாருங்கள். பள்ளிக்கரணை எக்ஸ்-பேண்ட் படம் கூர்மையாக இருக்கும், ஆனால் 3 செ.மீ. அலை என்பதால் கனமழைக்குப் பின்னால் இருப்பதை மறைத்துவிடும். முன்னால் ஒரு பெரிய மேகம் நின்றால் அதன் பின்புறம் "காலி" என்று காட்டுவதை நம்ப வேண்டாம்.

எண்ணை மழையாக மாற்ற: 30 டிபிஇசட் மணிக்கு 3 மி.மீ.க்குள், 40 என்றால் 11, 12, 50 என்றால் 50ஐ ஒட்டி. 55க்கு மேல் போனால் மழையை அளக்காதீர்கள், அது ஆலங்கட்டியின் பளபளப்பு. ரேடாரின் மேக்ஸ்-இசட் (உச்ச எதிரொலி) படத்தின் பக்கவாட்டுப் பட்டையில் உச்சி 15 கி.மீ. தாண்டி, 50 டிபிஇசட் 8 கி.மீ.க்கு மேல் தொங்கினால் ஆலங்கட்டி என்று தயங்காமல் சொல்லலாம்.


படவேட்டுக் களம் | காலை 9:40

மிக்க நன்றி. மேலைக்காற்று ஐயா கணக்குப்படி இன்றைக்கு 850ல் 26, ஆகவே 40 என்று போட்டிருக்கிறேன். இன்னும் மூன்று கேள்வி. காலை 7 மணிக்கு எந்த மாடல் ஓட்டம் புதிது? "40 சதவீதம்" என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன அர்த்தம்? நான் சொன்னது சரியா தப்பா என்று எப்படிக் கணக்கு வைப்பது?


கொண்டல் | காலை 10:05

காலை 7க்கு ஜிஎஃப்எஸ்சின் 18 யுடிசி (உலகப் பொது நேரம்) ஓட்டம் இருக்கும், அதாவது நேற்றிரவு 11:30 நிலவரம். ஐரோப்பிய வானிலை மையத்தின் 12 யுடிசி ஓட்டம் நேற்று மாலை 5:30 நிலவரம். இரண்டும் காற்று சந்திக்கும் கோட்டை ஒரே இடத்தில் வைத்தால் தைரியமாகச் சொல்லுங்கள். ஜிஎஃப்எஸ் 00 ஓட்டம் 10 மணிக்கு மேல், ஐரோப்பிய 00 ஓட்டம் நண்பகல் வாக்கில் வரும். அவை உங்கள் 1 மணிச் செய்திக்கு.

நேற்று சாயங்காலம் உண்மையில் எங்கே பெய்தது என்று பார்க்காமல் காலை மாடலைத் திறக்காதீர்கள். 12 யுடிசி ஓட்டத்துக்கு நேற்று 6 மணிக்குப் பிறகு பெய்தது தெரியாது. அது காய்ந்த மண் என்று நினைத்து 41 சொல்லும், நனைந்த மண்ணில் 37 வரும்.


கணக்குப்பிள்ளை | காலை 11:15

சதவீதம், மதிப்பெண் இரண்டும் சொல்கிறேன்.

வானிலை ஆய்வு மைய அறிக்கையில் "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதி நிலையங்களில் 25 சதவீதம் வரை. "ஒருசில இடங்களில்" 26 முதல் 50. அதற்கு மேல் 75 வரை ஒரு படி. 76க்கு மேல் "பெரும்பாலான இடங்களில்". மழை என்று எண்ணப்பட 2.5 மி.மீ. வேண்டும். ஆகவே "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்பது உங்கள் களத்துக்கு நாலில் ஒன்றுக்கும் கீழ். இதைப் பார்த்துவிட்டு "மழைன்னாங்க, வரலை" என்று சொல்வது அறிக்கையின் தப்பு இல்லை.

களத்துக்காரருக்குச் சதவீதம் வேண்டாம், "மூடு", "மூட வேண்டாம்" என்பதே வேண்டும். அதற்கு ஒரு கணக்கு: தார்ப்பாய் போட்டு எடுக்க ஆள்கூலியும் நெல் காயும் நேர இழப்பும் சேர்த்து 1,500 ரூபாய், நனைந்தால் நட்டம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாய்ப்பு 15 சதவீதத்தைத் தாண்டினாலே மூடுவது லாபம். பெரிய களத்துக்கும் சின்னக் களத்துக்கும் இந்த எண் வேறு. அவரவரிடம் இரண்டு ரூபாய்த் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வாய்ப்புக்கு ஒருவருக்கு "மூடு", இன்னொருவருக்கு "வேண்டாம்" என்று வரும், அது முரண் இல்லை.

மதிப்பெண்: நான்கு கட்டம் போடுங்கள். உதாரணத்துக்கு 40 நாள். சொல்லிப் பெய்தது 9, சொல்லாமல் பெய்தது 3, சொல்லிப் பெய்யாதது 8, சொல்லாமல் பெய்யாதது 20. "40ல் 29 சரி, 72 சதவீதம்" என்று சந்தோஷப்பட வேண்டாம். தினமும் "மழை இல்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவருக்கே 28 சரி வந்திருக்கும், 70 சதவீதம். பார்க்க வேண்டியது வேறு இரண்டு: பெய்த 12 நாளில் பிடித்தது 9, அதாவது 75 சதவீதம், மழை என்று சொன்ன 17 நாளில் வீண் 8, அதாவது 47 சதவீதம். கோடை இடிமழைக்கு வீண் எச்சரிக்கை பாதிக்குப் பாதி என்பது மோசம் இல்லை. அதைக் குறைக்க நினைத்து எச்சரிக்கையைச் சுருக்கினால் சொல்லாமல் பெய்த அந்த 3 என்பது 6 ஆகும்.

தேதியில் ஒரு பொறி உண்டு. அதிகாரபூர்வ மழை அளவு காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை, மறுநாள் தேதியில் பதிவாகும். 15ஆம் தேதி சாயங்காலம் கொட்டியது 16ஆம் தேதிக் கணக்கில் வரும். இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் சரியாகச் சொன்ன நாள் தப்பு, தப்பாகச் சொன்ன நாள் சரி என்று தலைகீழாகிவிடும்.


மேலைக்காற்று | காலை 11:50

வெயில் வரியில் ஒன்று சேருங்கள். களத்தில் வேலை செய்பவருக்கு வெறும் டிகிரி போதாது. 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் உடம்புக்கு 42தான். 38 டிகிரி, ஈரப்பதம் 48 சதவீதம் என்றால் 47 மாதிரி இருக்கும், வியர்வை காயாது. மழை வாய்ப்புள்ள நாள்தான் ஆட்களுக்கும் மோசமான நாள். அன்றைக்கு நெல்லும் மெதுவாகக் காயும்.


படவேட்டுக் களம் | மதியம் 12:30

ஊருக்கு ஒரு மழைமானி வைக்கலாம் என்று இருக்கிறோம். கடையில் வாங்காமல் முடியுமா?


டாப்ளர் | மதியம் 1:10

முடியும். வாயும் அடியும் ஒரே அகலம், சுவர் நேராக நிற்கும் டப்பா எதுவானாலும் சரி, உள்ளே ஸ்கேலை விட்டு அளந்தால் அதுவே மி.மீ. பெயின்ட் வாளி மாதிரி வாய் விரிந்தது ஆகாது. குறுகிய பாட்டிலில் புனல் வைத்தால் பிடித்த தண்ணீரை மில்லி லிட்டரில் அளந்து, அதைப் புனல் வாயின் சதுர செ.மீ. பரப்பால் வகுத்து, 10ஆல் பெருக்குங்கள். 200 சதுர செ.மீ. வாய் என்றால் 20 மில்லி ஒரு மி.மீ.

மரம், சுவர் எது இருந்தாலும் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள், மொட்டை மாடி வேண்டாம், சூறைக்காற்றில் அங்கே குறைவாகவே விழும். டப்பாவைப் பாதி மண்ணில் புதைத்து நிறுத்துங்கள். காலை 8:30க்கு அளந்து கொட்டிவிட வேண்டும், 11 மணிக்குப் போனால் 40 டிகிரி வெயில் ஒரு மி.மீ.யைக் குடித்திருக்கும்.

இன்சாட் 12:45 படம் பார்த்தேன். ஏலகிரிக்கு மேற்கே வரிசை கட்ட ஆரம்பித்திருக்கிறது, ஜவ்வாது இன்னும் சும்மா. 700ல் காற்று மேற்கிலிருந்து 12 நாட். 3:30க்கு ரேடார் பாருங்கள்.